பெயர் மயக்கமும் பேனாவின் பொறுப்பும்

ஒரு பொருளை அதன் பெயரை நம்பி வாங்குவது மனித இயல்பு. கடைக்காரரின் தராசைச் சோதிக்க எல்லோருக்கும் நேரமில்லை. மருந்தின் சேர்க்கையை ஆராய எல்லோருக்கும் பயிற்சியில்லை. பெயர் அறிந்தது, பெரியோர் சொன்னது, பத்திரிகையில் வந்தது என்ற மூன்று நம்பிக்கைகளின் மீதே சாதாரண மக்களின் கொடுக்கல் வாங்கல் நடைபெறுகின்றது. இவற்றுள் முதலாவது தளரும்போது மூன்றாவது அதனைத் தாங்கிப் பிடித்தல் வேண்டும். பெயர் மயங்கும் இடத்திலே பத்திரிகை தெளிவைத் தரல் வேண்டும். ஆனால், கிறிப்டோ நாணயங்கள் என்று வழங்கும் மெய்நிகர் நாணயங்களின் விடயத்தில் இது நேர்மாறாகவே நடந்து வருகின்றது என்பது எமது குற்றச்சாட்டு. மயக்கத்தைத் தீர்க்க வேண்டிய பேனாவே மயக்கத்தைப் பரப்பி வருகின்றது.

இந்நாணயங்கள் நல்லவையா தீயவையா என்ற வழக்கை இன்று நாம் எடுக்கவில்லை. அதுபற்றிப் பொருளியல் வல்லுநர்கள் இன்னும் பல்லாண்டு வாதாடட்டும். நாம் கேட்பது அதனிலும் எளிய கேள்வி. வாங்குகின்றவர் தாம் எதை வாங்குகின்றார் என்பதை அறிந்து வாங்குகின்றாரா? செய்தி எழுதுகின்றவர் தாம் எதைப்பற்றி எழுதுகின்றார் என்பதை அறிந்து எழுதுகின்றாரா? இரண்டுக்கும் "ஆம்" என்று விடை கூற முடியாத நிலை இருக்கும்வரை, ஏனைய வாதங்களெல்லாம் அத்திபாரமில்லாத வீட்டுக்குக் கூரை போடும் வேலையே.

காணி பிரிந்தது, பெயர் பிரியவில்லை

2008-ஆம் ஆண்டு ஒக்டோபர் 31-ஆந் திகதி, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த ஒன்பது பக்க அறிக்கையொன்று பிட்கொயினின் திட்டத்தை உலகுக்கு அறிவித்தது. 2009 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அரசாங்கமோ வங்கியோ நடுவில் இல்லாமல், ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கணக்கேட்டின் பிரதிகளை வைத்திருந்து, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைத் தமக்குள் ஒத்துப்பார்த்துப் பதிவு செய்வதே அதன் முறை. மொத்தம் 2 கோடியே 10 இலட்சம் நாணயங்களுக்கு மேல் உண்டாக மாட்டா என்பது அதன் அடிப்படை விதி. கிடைத்தற்கரியது என்ற இந்த எண்ணமே அதன் மதிப்புக்கு வேராக அமைந்தது. ஆனால், நாணயத்தின் தொகைக்கு எல்லை வகுத்தவர்கள் அதன் பெயருக்கு எல்லை வகுக்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

நாணயமொன்று இரண்டாகப் பிரிவது எவ்வாறு என்று வாசகர்கள் கேட்கலாம். கணக்கேட்டை எழுதும் விதிகள் பற்றி அக்கணினிகளை நடத்துவோரிடையே பிணக்கு உண்டாகி, ஒரு சாரார் பழைய விதிப்படியும் மறு சாரார் புதிய விதிப்படியும் எழுதத் தொடங்கினால், அந்நாள் வரையுள்ள பக்கங்கள் இரு சாராருக்கும் பொது. அதற்குப் பின்னுள்ள பக்கங்கள் வேறு வேறு. தகப்பனார் விட்டுச் சென்ற காணியைப் பிள்ளைகள் இருவர் பங்கிட்ட பின்னரும், இரண்டு துண்டுகளும் பழைய காணிப் பெயராலேயே அழைக்கப்படுவதை எமது ஊர்களில் காண்கின்றோம் அல்லவா? அதனை ஒத்தது இது.

2017-ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி பிட்கொயின் கணக்கேடு இவ்வாறு பிரிந்தது. அதன் ஒவ்வொரு தொகுதியும் 1 மெகாபைற் அளவினதாக இருந்ததை 8 மெகாபைற்றாகப் பெருக்க வேண்டுமென நின்றவர்கள் பிரிந்து சென்று, தமது நாணயத்துக்குப் "பிட்கொயின் காஷ்" என்று பெயரிட்டனர். முன்னையதன் குறியீடு பி.ரி.சி.; பின்னையதன் குறியீடு பி.சி.எச். அத்துடன் நின்றதா? அதே ஆண்டு ஒக்டோபரில் "பிட்கொயின் கோல்ட்" பிறந்தது. நவம்பரில் "பிட்கொயின் டயமன்ட்" பிறந்தது. மறு ஆண்டில் "பிட்கொயின் பிரைவேட்" வந்தது. 2018 நவம்பரில் பிட்கொயின் காஷ் தானே இரண்டாகப் பிளந்து, "பிட்கொயின் எஸ்.வி." என்ற இன்னொன்றை ஈன்றது. காசு, பொன், வைரம் என்று ஐசுவரியத்தின் பெயர்களெல்லாம் ஒரே குடும்பப் பெயருடன் ஒட்டிக்கொண்டன.

கடைசியாகச் சொன்ன எஸ்.வி. என்பது "சதோஷியின் நோக்கு" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள். அதற்கு முன்னின்று ஆதரவளித்த கிரெய்க் ரைட் என்ற அவுஸ்திரேலியர், சதோஷி நகமோட்டோ தாமே எனப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். அவர் சதோஷி அல்லர் என்று 2024 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒரு பெயரின் உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்ததெனின், அந்தப் பெயருக்குள் எவ்வளவு பணம் அடங்கியிருக்கின்றது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த மயக்கம் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. அதில் அக்கறையுடைய கட்சிகள் இருந்தன. பிரிந்து சென்றோரில் ஒரு பகுதியினர், தமதே உண்மையான பிட்கொயின் என்றும் மற்றையது "பிட்கொயின் கோர்" என்றும் எழுதினர். எதிர்க்கட்சியினர் அவர்களது நாணயத்துக்குப் பிட்கொயின் என்ற பெயரையே மறுத்து "பிகாஷ்" என்று சுருக்கி அழைத்தனர். இரு சாராரும் தத்தம் ஏடுகளில் தத்தம் வழக்கையே வழக்காக எழுதினர். நடுவில் அகப்பட்டவர் யார்? அந்த ஆண்டின் இறுதியில் விலையேற்றச் செய்தியைக் கேட்டு, வாழ்நாளில் முதன்முறையாக இச்சந்தைக்குள் கால் வைத்த புதியவர். பி.ரி.சி.யின் விலையும் பி.சி.எச்.சின் விலையும் ஒரு நாளேனும் சமமாக இருந்ததில்லை. "மலிவான பிட்கொயின் கிடைத்தது" என்று மகிழ்ந்தவர், தாம் வாங்கியது வேறொரு நாணயம் என்பதை விற்கும்போதுதான் அறிந்தார்.

"கிளாசிக்" என்ற சொல்லின் கதை

பெயர் ஒன்றாயிருப்பது ஒரு மயக்கம். ஒரே அடைமொழி வெவ்வேறு பொருளில் வருவது மற்றொரு மயக்கம். 2016 யூன் மாதத்தில், எதீரியம் என்ற வலைப்பின்னலின் மீது இயங்கிய முதலீட்டு நிதியமொன்றிலிருந்து ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் நாணயங்கள் களவாகத் திசை திருப்பப்பட்டன. களவு போனதை மீட்கும்படி கணக்கேட்டைத் திருத்துவதா, "எழுதியது எழுதியதே" என்று விடுவதா என்பது பெரும் பிணக்காயிற்று. யூலை 20-ஆந் திகதி திருத்தத்தை ஏற்றவர்கள் எதீரியம் என்ற பெயருடன் சென்றனர். திருத்தாத மூல ஏட்டைக் கைவிடாதவர்களுக்கு "எதீரியம் கிளாசிக்" என்ற பெயர் வாய்த்தது. இங்கே கிளாசிக் என்றால் விதி மாறாத பழைய ஏடு.

2022 மே மாதத்தில் நடந்தது வேறு. டெரா என்ற வலைப்பின்னலின் லூனா நாணயம், ஏப்ரலில் 100 டொலருக்கு மேல் விற்றது, சில நாட்களுக்குள் ஒரு சதத்தின் சிறு பின்னமாக வீழ்ந்தது. அதனோடு இணைந்து, எப்பொழுதும் ஒரு டொலராகவே நிற்கும் என்று உறுதி கூறப்பட்ட டெரா டொலர் நாணயமும் அழிந்தது. மே 28-ஆந் திகதி அதே நிறுவனத்தினர் புதிய வலைப்பின்னலொன்றைத் தொடங்கி, லூனா என்ற பெயரைப் புதியதற்குக் கொடுத்துவிட்டு, வீழ்ந்த பழையதற்கு "லூனா கிளாசிக்" என்று பெயர் சூட்டினர். இங்கே கிளாசிக் என்றால் சிதைந்துபோன பழைய நாணயம்! ஓரிடத்தில் கொள்கைக்குச் சூட்டிய மகுடம், மற்றோரிடத்தில் சவத்தின்மேல் போர்த்திய பட்டு. இவ்வேறுபாட்டை ஒரே வசனத்தில் விளக்கியிருக்கக்கூடிய பத்திரிகைகள், "லூனா மீண்டும் எழுகின்றது", "லூனா கிளாசிக் பாய்ச்சல்" என்று தலைப்பிட்டால், வாசிக்கின்ற ஆசிரியரோ கமக்காரரோ எதனை விளங்கிக்கொள்வார்?

பதிவாளர் இல்லாத சந்தை

கம்பனியொன்றைத் தொடங்குகின்றவர் அதன் பெயரைப் பதிவாளரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஏற்கனவே உள்ள பெயரை இன்னொருவருக்குப் பதிவாளர் வழங்குவதில்லை. இந்நாணயச் சந்தையிலோ அத்தகைய பதிவாளர் எவருமில்லை. எதீரியம் போன்ற வலைப்பின்னலின் மீது, கணினி அறிவு சிறிதுள்ள எவரும், எந்தப் பெயரிலும், எந்தக் குறியீட்டிலும், நிமிட நேரத்தில் ஒரு டோக்கனை வெளியிடலாம். ஒரே பெயரில் நூறு டோக்கன்கள் இருப்பதை அதன் விதிகள் தடுப்பதில்லை. எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட முகவரியொன்றே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். அந்த முகவரியைச் செய்தியில் எழுதுபவர் யார்? வாசித்து ஒப்பிடுபவர் யார்? மொட்டைக்கறுப்பன் நெல் என்று சொல்லி வேறொன்றை விற்க வருபவரிடம் ஒரு பிடி அள்ளிப் பார்த்தே எமது கமக்காரர் உண்மையைக் கண்டுகொள்வார். இங்கே அள்ளிப் பார்க்க மணி ஏதும் இல்லை. இருப்பது பெயர் மட்டுமே.

பதிவாளர் இல்லாததன் பலனை உலகம் கண்டது. 2021 ஒக்டோபர் இறுதியில், "ஸ்குவிட் கேம்" என்ற கொரியத் தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சூடிக்கொண்டு ஒரு டோக்கன் வெளிவந்தது. அத்தொடரைத் தயாரித்தோருக்கும் அதற்கும் எத்தகைய தொடர்பும் இல்லை. ஒரு சதமளவில் தொடங்கிய அதன் விலை நவம்பர் முதலாந் திகதி 2,800 டொலரைத் தாண்டிற்று. பின் சில நிமிடங்களில் ஏறக்குறைய பூச்சியமாயிற்று. வாங்க வழி வைத்தவர்கள் விற்க வழி வைக்கவில்லை. வீழ்ச்சிக்கு முந்திய நாட்களில் அதன் அபாரமான ஏற்றத்தைச் செய்தியாக்கி உலகெங்கும் பரப்பியவற்றுள் பெயர்பெற்ற செய்தி நிறுவனங்களும் இருந்தன. விற்க முடியாமல் தவிப்போரின் முறைப்பாடுகள் அப்போதே வந்துகொண்டிருந்தன. ஆயினும் தலைப்பை அலங்கரித்தது ஏற்றமே.

லிப்ரா என்ற பெயரின் வரலாறும் நோக்கத்தக்கது. 2019 யூன் மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் அப்பெயரில் நாணயமொன்றை வெளியிடப்போவதாக அறிவித்தது. அரசாங்கங்களின் எதிர்ப்புக்குள்ளான அத்திட்டம் 2020 டிசம்பரில் டீயெம் எனப் பெயர் மாறி, நாணயம் வெளிவராமலே 2022-இல் முடிந்தது. 2025 பெப்ரவரி 14-ஆந் திகதி, ஆர்ஜென்டீன ஜனாதிபதி ஹாவியர் மிலேய் தமது எக்ஸ் தளப் பக்கத்தில் விளம்பிய டோக்கனின் பெயரும் லிப்ராதான். அது மணித்தியாலங்களுக்குள் ஏறி, மணித்தியாலங்களுக்குள் வீழ்ந்தது. ஜனாதிபதி தமது பதிவை அழித்துவிட்டார். பெயர் ஒன்று, பொருள் முற்றிலும் வேறு. ஒன்று பிறக்காமலே இறந்தது. மற்றையது பிறந்தவுடன் இறந்தது.

"புதிய சந்தையில்தான் இக்குழப்பம், பழைய சந்தைகளில் இல்லை" என்று சிலர் கூறக்கூடும். அதுவும் சரியன்று. 2013 ஒக்டோபரில் டுவிட்டர் நிறுவனம் பங்கு வெளியிடப்போகும் செய்தி வந்தபோது, முறிந்துபோன "டுவீட்டர்" என்ற இலத்திரனியல் பொருட் கடையின் பங்குகளை மக்கள் போட்டியிட்டு வாங்கினர். குறிலும் நெடிலும் மாறியதால் வந்த வினை! 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில், காணொளிச் சந்திப்புக்கள் நடத்தும் சூம் நிறுவனத்தின் பங்கென்று நினைத்து, "சூம் டெக்னோலஜீஸ்" என்ற தொடர்பில்லாத நிறுவனத்தின் பங்கை வாங்கினர். ஆனால், அங்கே அதிகாரிகள் இருந்தனர். முதலாவதன் வியாபாரம் நிறுத்தப்பட்டது. இரண்டாவதன் வியாபாரத்தை அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு மார்ச் மாதத்தில் இடைநிறுத்தியது. எந்த நேரமும் கதவு மூடாத, எல்லா நாட்டுக்கும் பொதுவான நாணயச் சந்தையில் "நில்" என்று சொல்ல அதுபோன்ற ஒரு கை இல்லை. ஆகவே அங்கே பத்திரிகையின் பொறுப்பு பன்மடங்காகின்றது.

பத்திரிகையின் பங்கு

எமது துறையின் குறைகளை நாமே சொல்லல் வேண்டும். பிறர் சொல்லும்வரை காத்திருத்தல் அழகன்று.

முதலாவது, தலைப்பின் சுருக்கம். பிட்கொயின் காஷ் பற்றிய செய்தி, இடம் போதாமையால் பிட்கொயின் செய்தியாகச் சுருங்குகின்றது. சுருக்கியவருக்கு மிச்சமானது ஒரு சொல். வாசித்தவருக்கு நட்டமாவது ஒரு மாதச் சம்பளம். 

இரண்டாவது, விலையை மட்டும் செய்தியாக்குதல். எவ்வளவு ஏறிற்று என்று எழுதுபவர், யார் வெளியிட்டார், எத்தனை பங்கு வெளியிட்டவர் கையிலேயே உள்ளது, விற்க முடியுமா என்பவற்றை எழுதுவதில்லை. 

மூன்றாவது, விளம்பரத்துக்குச் செய்தி வேடம் போடுதல். 2021-ஆம் ஆண்டு "எதீரியம் மக்ஸ்" என்ற டோக்கனை அமெரிக்க நட்சத்திரமான கிம் கர்டாஷியன் தமது சமூக ஊடகப் பக்கத்தில் விளம்பினார். அதற்காக அவர் 250,000 டொலர் பெற்றதை வெளிப்படுத்தவில்லை என்று அமெரிக்க ஆணைக்குழு குற்றஞ்சாட்ட, 2022 ஒக்டோபரில், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், 12 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் செலுத்த அவர் இணங்கினார். இதில் எமக்குரிய பாடம் வேறொன்றும் உண்டு. எதீரியம் மக்சுக்கும் எதீரியத்துக்கும் பெயரளவிலன்றி உறவில்லை. அன்றைய பிரித்தானிய நிதி நடத்தை அதிகாரசபையின் தலைவர் சார்ள்ஸ் ரண்டெல், 2021 செப்டெம்பரில் ஆற்றிய உரையில், இதனை எதீரியத்துடன் மயங்கிக் கொள்ளலாகாது என்று விசேடமாகச் சுட்டினார். அதிகாரி ஒருவர் சொல்ல வேண்டி வந்த அவ்வொரு வசனத்தை, அதற்கு முன்பே ஒவ்வொரு செய்தியிலும் எழுதியிருக்க வேண்டியவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லரோ?

நான்காவது குறை தமிழ்ப் பத்திரிகைகளுக்கே உரியது. இங்கே பிட்கொயின் என்கின்றோம். தமிழ்நாட்டில் பிட்காயின் என்கின்றனர். புதியவருக்கு இவை இரு நாணயங்களாகத் தோன்றலாம். "காஷ்" என்ற சொல்லைக் காசு என்று மொழிபெயர்த்துவிட்டால், "பிட்கொயின் காசு" என்பது எல்லாப் பிட்கொயினுக்கும் பொதுப்பெயர் போலாகிவிடும். ஈதர், டெதர் என்ற இரண்டையும் நோக்குங்கள். தமிழில் எழுதும்போது முதலெழுத்தொன்றே வேறுபாடு. ஈதர் எதீரியத்தின் நாணயம். அதன் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். டெதர் ஒரு டொலருக்குச் சமமாக நிற்கும்படி ஏற்பட்டது. ஒன்றைப்பற்றிய வீழ்ச்சிச் செய்தியை மற்றதற்கு எழுத்துப் பிழையாக இட்டுவிட்டால், அது வெறும் அச்சுப் பிழையாகாது. வாசகரின் சேமிப்பில் விழும் பிழையாகும். ஆங்கிலத்திலுள்ள பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற துணையும் எமது எழுத்துக்கு இல்லை. ஆதலால் சொல்லிலேயே தெளிவு வேண்டும்.

"வாங்குபவன் பாடு" என்பது விடையா?

"நாம் செய்தி சொல்பவர்கள், நாணயம் விற்பவர்கள் அல்லர். ஆழமறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. காலை விட்டவனே பொறுப்பாளி" என்று வாதிடும் பத்திரிகையாளர் உளர். அவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. ஆனால், ஆழம் எவ்வளவென்று கரையில் நின்று கூவுபவர் பிழையாகக் கூவினால், காலை விட்டவரை மட்டும் குற்றஞ்சொல்வது எந்த நியாயம்? சந்தையில் பழகியவர் குறியீட்டைப் பார்ப்பார், முகவரியைப் பார்ப்பார், கணக்கேட்டைப் பார்ப்பார். புதியவர் பார்ப்பது தலைப்பை மட்டுமே. எனவே தலைப்பு எழுதப்படுவது புதியவருக்காக என்ற எண்ணம் எழுதுகின்றவர் நெஞ்சில் இருத்தல் வேண்டும்.

"இவற்றைப்பற்றி எழுதாமலே விட்டுவிட்டால் என்ன?" என்பார் வேறு சிலர். அதுவும் தீர்வாகாது. 2022 ஏப்ரல் 12-ஆந் திகதி இந்நாட்டு அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. வைப்பிலிட்ட சேமிப்பின் பெறுமதி கண்முன்னே கரைந்தது. ரூபாவைக் காக்கத் தவறிய ஆட்சியாளருக்கு, வேறு வழி தேடிய மக்களைப் பேராசைக்காரர் என்று பழிக்க உரிமையில்லை. மக்கள் தேடுவார்கள், தேடும்போது பத்திரிகை வாய்மூடி நின்றால், வட்ஸ்அப் குழுவில் வரும் தரகர் வாய் திறப்பார்.

அத்தரகர்களுக்குப் பெயர் மயக்கமே மூலதனம். 2014-இல் பல்கேரியாவிலிருந்து கிளம்பிய "வன்கொயின்" என்பது, பிட்கொயினை வெல்ல வந்ததெனப் பறைசாற்றி, உலகெங்கும் ஏறத்தாழ 400 கோடி டொலரைத் திரட்டிற்று. அதற்கு உண்மையான கணக்கேடே இருக்கவில்லை. அதன் தலைவி ருஜா இக்னாற்றோவா 2017 ஒக்டோபரில் மறைந்தார். "பிட்கனெக்ற்" என்ற மற்றொன்று, பிட் என்ற முன்னொட்டின் பலத்தில் வளர்ந்து 2018 ஜனவரியில் சரிந்தது. ஆட்களைச் சேர்த்தால் தரகுப்பணம் என்ற பிரமிட் முறையே இரண்டிலும் இருந்தது. இம்முறை இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. மெய்நிகர் நாணயங்களைப்பற்றி இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களுக்கு எச்சரிக்கைகள் விடுத்தது. 2021-இல் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் விதித்த பணிப்புரையால், கடனட்டை, பற்று அட்டை மூலம் இந்நாணயங்களுக்குப் பணம் செலுத்துவதற்கு அனுமதியில்லை என்றும் தெரிவித்தது. இவ்வெச்சரிக்கைகளை எத்தனை பத்திரிகைகள் விலையேற்றச் செய்தியின் அருகே வைத்து அச்சிட்டன?

நான்கு எல்லைகள்

குறை கூறுவதோடு நின்றுவிடுதல் எமது வழக்கமன்று. வழியொன்றும் கூறுகின்றோம். அது புதிய வழியுமன்று. எமது நொத்தாரிசுமார் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் வழி.

காணி உறுதி எழுதும்போது காணியின் பெயரை மட்டும் எழுதி எவரும் முடிப்பதில்லை. ஒரே பெயரில் பல துண்டுகள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே எத்தனை பரப்பு, எத்தனை குழி என்று எழுதி, கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என நான்கு எல்லைகளையும் எழுதுகின்றனர். எல்லை இல்லாத உறுதியை நம்பிக் காணி வாங்கும் கமக்காரர் ஒருவரை நாம் கண்டதில்லை. நாணயச் செய்திக்கும் நான்கு எல்லைகள் வேண்டும்.

கிழக்கெல்லை: முழுப்பெயரும் குறியீடும். தலைப்பிலும் முதல் வசனத்திலும் இவை சுருங்காமல் நிற்றல் வேண்டும். டோக்கனாயின், அதன் முகவரியை எங்கே சரிபார்க்கலாம் என்பதும் வேண்டும்.

வடக்கெல்லை: பிறப்பு. எந்த ஆண்டில், எதிலிருந்து பிரிந்தது, அல்லது எதன்மீது வெளியிடப்பட்டது. ஒத்த பெயருடைய வேறு எவற்றுடன் இதற்கு உறவில்லை. இதற்கு ஒரு வசனம் போதும்.

மேற்கெல்லை: ஆட்சி. வெளியிட்டவர் யார், அவர் பெயர் வெளியில் தெரிந்ததா, எவ்வளவு பங்கு அவர் கையில் உள்ளது, வாங்கியவர் விற்க முடிகின்றதா.

தெற்கெல்லை: சட்டம். செய்தி வெளிவரும் நாளில் இந்நாட்டு மத்திய வங்கியின் நிலைப்பாடு என்ன. சென்ற ஆண்டுச் செய்தியைப் பார்த்து எழுதாமல், அன்றைய அறிவித்தலைப் பார்த்தே எழுதல் வேண்டும்.

இவற்றோடு மூன்று ஒழுங்குகளும் வேண்டும். பணம் பெற்று அச்சிடுவதன்மேல் "விளம்பரம்" என்ற சொல் தெளிவாக இருத்தல் வேண்டும். எழுதுபவர் அந்நாணயத்தை வைத்திருப்பாராயின் அதனைச் சொல்லல் வேண்டும். பெயரில் பிழை நேர்ந்தால், பிழை வந்த அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வரல் வேண்டும். பதினாறாம் பக்கத்து மூலையில் போடும் திருத்தம் திருத்தமாகாது. தமிழ்ப் பத்திரிகைகள் கூடி, ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரே எழுத்துக்கூட்டலை வகுத்துக்கொண்டால் அது மொழிக்கும் தொண்டு, மக்களுக்கும் தொண்டு. இவ்விதிகளெல்லாம் பிறருக்கு மட்டும் சொல்லப்பட்டனவல்ல. இவ்வேட்டையும் வாசகர்கள் இவற்றாலேயே அளக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. படித்தவர் ஏமாறமாட்டார் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். டுவீட்டரின் பங்கை வாங்கியவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். வைத்தியராயினும், சட்டத்தரணியாயினும், தோட்டம் செய்பவராயினும், நாணயச் செய்தியொன்றைக் கண்டதும் "இதன் நான்கு எல்லைகள் எங்கே?" என்று கேளுங்கள். எழுதியவரால் சொல்ல முடியாவிட்டால், அவர் எழுதியதை நம்பி ஒரு சதமும் கொடாதீர்கள். சொல்லத் தவறிய பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்கும் வாசகர் இருக்கும் இடத்திலேதான் பொறுப்புள்ள பத்திரிகையும் இருக்கும்.

பெயர் வைப்பது எவருக்கும் எளிது. அந்தப் பெயருக்குள் என்ன இருக்கின்றது என்று விசாரித்துச் சொல்வதே பத்திரிகைத் தொழில். சரிந்த நாணயத்தின்மேல் இரங்கற்பா எழுதுவதற்கு எல்லாப் பத்திரிகைகளிலும் இடமிருக்கின்றது. வாங்குவதற்கு முன் எழுத வேண்டிய அந்த ஒரு வசனத்துக்கும் இனியேனும் இடம் வைப்போமாக.